வீட்டுத் தோட்டத்தில் குளோவர்: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். வெள்ளைக் குளோவர் என்ற, தரையில் படரும் மூவிலைச் செடியை முற்றம் முழுக்க விதைத்து, வருஷம் பன்னிரண்டு மாதமும் பச்சையாக வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் விதை வாங்கப் போகிறீர்கள் என்றால், பணத்தை மடியிலேயே வைத்திருங்கள். அது குளிர்நாட்டுச் செடி. 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் செழிக்கும். 30 தாண்டினால் வளர்ச்சி சுருங்கும். இரவிலும் சூடு இறங்காவிட்டால் தண்டும் வேரும் அழுகத் தொடங்கும். நாகர்கோவிலில் நாம் மார்கழி விடியற்காலைக் குளிர் என்று சொல்வதே 22 டிகிரிக்குப் பக்கம்தான்.

அதற்காகக் குளோவரே வேண்டாம் என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை நாலு மாத விருந்தாளியாக அதை வளர்க்க முடியும். ஆண்டு முழுவதும் தரையை மூட வேண்டுமானால் அதே வேலையைச் செய்யும் வேறு பயறுவகைச் செடிகள் நம் மண்ணுக்கு இருக்கின்றன. இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலோர் விதைக்காசை இழக்கிறார்கள்.

1. எதற்காக வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று தேவைகள், மூன்று செடிகள்.

தொட்டியிலோ சின்னப் பாத்தியிலோ மூவிலைச் செடியைப் பார்த்து ரசிக்க வேண்டும் என்றால் வெள்ளைக் குளோவர். மண்ணை வளப்படுத்தவும் முயல், ஆடு, கோழிக்குக் கொஞ்சம் பசுந்தீவனத்துக்கும் என்றால் பெர்சீம் என்கிற எகிப்தியக் குளோவர். அது இயல்பிலேயே ஒரு பருவச் செடி. நாலு மாதத்தில் முடிந்துபோவது அதற்குக் குறையே இல்லை. தென்னை மூட்டிலும் ஏத்தன்வாழைக்கு இடையிலும் களை வராமல் தரையை நிரந்தரமாக மூட வேண்டும் என்றால் குளோவரை மறந்துவிட்டு நேராக 10ஆம் பகுதிக்குப் போங்கள்.

வெள்ளைப் பூப்பந்துகளுக்காகத்தான் குளோவர் ஆசை என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. வெள்ளைக் குளோவர் தாராளமாகப் பூக்க நீண்ட பகல் வேண்டும். நம் ஊரில் வருஷம் முழுக்கப் பகல் நேரம் 12 மணியை ஒட்டியே இருக்கிறது. ஒன்றிரண்டு பூ வரலாம், வராமலும் போகலாம். குளோவர் தேன் என்று கேள்விப்பட்டு மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் ஆசைப்படுவதுண்டு. நம் தேனீக்களுக்கு ரப்பர் மரமே போதும். இரண்டு சதுர மீட்டர் குளோவர் அவற்றுக்கு ஒரு வாய்க்குக்கூடக் காணாது.

2. உங்கள் இடம் எந்த ரகம்?

ஒரே மாவட்டம்தான். ஆனாலும் விளவங்கோட்டுக்குச் சரியான யோசனை தோவாளைக்குச் சரிவராது.

விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு பக்கத்து விளைகள் பெரும்பாலும் சரளை கலந்த செம்மண். இரண்டு பருவமழையும் அடித்துக் கழுவுவதால் மண் புளித்திருக்கும். மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு குளோவருக்கு 6 முதல் 7 வரை வேண்டும். இங்கே அது 5க்கும் 6க்கும் நடுவில் நிற்பது சாதாரணம். சுண்ணாம்பு போடாமல் விதைத்தால் முளைக்கும், ஆனால் வளராது.

தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் மழையைவிடக் காற்றுதான் பெரிய பிரச்சினை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று ஒரே நாளில் தொட்டியைக் காயவைத்துவிடும். நல்லவேளை, குளோவர் பருவம் அந்த மாதங்களில் வருவதில்லை. தரைமூடிச் செடிக்குத்தான் அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

கடலோர மணலில் கிணற்று நீரை வாயில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் உப்புக் கரித்தாலும் குளோவர் வேண்டாம். வெள்ளைக் குளோவர் உப்பைத் தாங்காது. இலை ஓரம் கருகித் தொடங்கி மூன்று வாரத்தில் முடிந்துவிடும். மழைநீர்த் தொட்டி இருந்தால் மட்டும் தட்டில் முயலலாம்.

மாறாமலை, பாலமோர், மேல்கோதையாறு மாதிரி உயரத்தில் வீடு இருப்பவர்களுக்கு யோகம். அங்கே இரவு குளிர்வதால் செடி மார்ச்சைத் தாண்டியும் நிற்க வாய்ப்புண்டு.

3. மண் பரிசோதனை: செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்

டிசம்பரில் விதைக்க வேண்டுமானால் நவம்பர் தொடக்கத்தில் சுண்ணாம்பு போட வேண்டும். அதற்கு முன் முடிவு கையில் இருக்க வேண்டும். ஆகவே மண் எடுக்கும் மாதம் செப்டம்பர்.

எடுக்கும் முறை இது. மேல்மட்டச் சருகையும் புல்லையும் ஒதுக்குங்கள். மண்வெட்டியால் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, வெட்டிய பக்கத்தில் மேலிருந்து கீழாக விரல் தடிமனுக்குச் சுரண்டுங்கள். இப்படி ஐந்தாறு இடத்தில் எடுத்து, நிழலில் உலர்த்தி, கலந்து, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரியுங்கள். எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு மீதியை மறுபடி கலந்து பிரியுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே செய்து துணிப்பையில் கட்டுங்கள். எருக்குழி ஓரம், மரத்தடி, சமீபத்தில் உரம் போட்ட இடம், வீடு கட்டியபோது சிமென்ட் கொட்டிய இடம் ஆகியவற்றில் எடுக்காதீர்கள். கடைசியாகச் சொன்ன இடம்தான் வீட்டுத் தோட்டங்களில் முடிவைக் கெடுக்கிறது. சிமென்ட் மண்ணைக் காரமாகக் காட்டும். அதை நம்பிச் சுண்ணாம்பு போடாமல் விடுவீர்கள்.

மாதிரியை உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுக்கலாம். திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். பெயர், முகவரி, கைபேசி எண், ஊர், சர்வே எண், முன்பு என்ன பயிர் இருந்தது, இனி என்ன பயிர் ஆகிய ஏழையும் ஒரு தாளில் எழுதிப் பைக்குள் ஒன்று, வெளியே ஒன்று வையுங்கள். ஆதார் நகலும் பட்டா அல்லது வீட்டுவரி ரசீது நகலும் கையில் இருந்தால் இரண்டாம் தடவை அலைய வேண்டியிராது. "என்ன பயிர்" என்ற இடத்தில் குளோவர் என்று எழுதினால் வாங்கிக்கொள்பவர் நிமிர்ந்து பார்ப்பார். "பயறுவகைத் தீவனப்பயிர்" என்று எழுதுங்கள், பரிந்துரை சரியாக வரும். கட்டணம் சில பத்து ரூபாய்க்குள் அடங்கும். ரசீது வாங்கி, மாதிரி எண்ணைக் குறித்து வையுங்கள்.

4. விதை வாங்குவது: ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்

கடைக்குப் போய்க் "குளோவர் விதை" என்று கேட்டால் கிராம்பு (ஆங்கிலத்தில் க்ளோவ்) விதையா என்று கேட்பார்கள். புவிசார் குறியீடு பெற்ற கிராம்பு விளையும் மாவட்டம் இது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. உள்ளூர் விதைக்கடைகளில் குளோவர் பெரும்பாலும் கிடைக்காது. குதிரைமசால் கிடைக்கும். "அதுவும் மூவிலைதான்" என்று கொடுத்துவிடுவார்கள். குதிரைமசால் நிமிர்ந்து வளரும் தீவனச்செடி, தரையில் படராது. ஆக, இணையத்தில்தான் வாங்கப் போகிறீர்கள். அங்கே நாலு பொறிகள் இருக்கின்றன.

*புளியாரை.* இணையத்தில் குளோவர் என்ற பெயரில் வரும் கிழங்குகளும் சில விதைகளும் புளியாரைக் குடும்பம். நம் தொட்டிகளில் தானாகவே முளைத்து மஞ்சள் பூப் பூக்கும் அதே இனம்தான். சிற்றிலை இதய வடிவில், நுனி உள்வாங்கி இருந்தால், மென்றால் புளித்தால், அது புளியாரை. குளோவரின் சிற்றிலை முட்டை வடிவம். ஓரத்தில் நுண்ணிய பல், நடுவில் வெளிர்நிற வளைகோடு. பணம் கொடுத்துப் புளியாரை வாங்குவது குமரியில் உப்பு விலைக்கு வாங்கிக் கடலில் கொட்டுவது மாதிரி.

*நாலிலை.* "அதிர்ஷ்ட நாலிலைக் குளோவர் விதை" என்று ஒன்று விற்கிறது. குளோவரில் நாலிலை என்பது சில ஆயிரம் இலைகளில் ஒன்று எப்போதாவது வருவது. விதை வழியாக அதை உறுதிசெய்ய முடியாது. ஒவ்வொரு இலையும் நாலாகவே இருக்கும் செடியின் படம் போட்டிருந்தால் அது வயல்வரப்பில் கிடக்கும் ஆரைக்கீரை. அது பெரணி இனம், பூவே பூக்காது.

*எண்ணிக்கை விலை.* "100 விதை 99 ரூபாய்" என்று போட்டிருந்தால் மலிவாகத் தெரியும். வெள்ளைக் குளோவர் விதை ஒரு கிராமில் ஏறத்தாழ 1,500 இருக்கும். அப்படியானால் அந்தப் பொட்டலத்தின் விலை கிராமுக்குச் சுமார் 1,500 ரூபாய். எப்போதும் கிராமுக்கு மாற்றிப் பார்த்து ஒப்பிடுங்கள். எடை போடாத பொட்டலம் வேண்டாம்.

*வெளிநாட்டுத் தபால்.* சில தளங்கள் வெளிநாட்டிலிருந்து நேரே உறையில் அனுப்பும். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி விதை இறக்குமதிக்கு அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். இவை இல்லாத பொட்டலத்தைச் சுங்கத்தில் நிறுத்தினால் பணம் போச்சு. இந்தியாவிலிருந்து அனுப்பும் விற்பனையாளரா என்று பார்த்து வாங்குங்கள்.

பொட்டலத்தில் லாட் எண், பரிசோதனை நாள், முளைப்புத்திறன், தூய்மை ஆகிய நான்கும் அச்சாகி இருக்க வேண்டும். பில்லை வைத்திருங்கள். வந்த உடனே 50 விதையை ஈரத்துணியில் மடித்து நிழலில் வைத்து ஏழாம் நாள் எண்ணுங்கள். 35க்குக் கீழே முளைத்தால் புகார் செய்யவோ அளவைக் கூட்டவோ அப்போதே முடிவெடுக்கலாம்.

பெர்சீம் வட இந்தியாவில் பெரிய அளவில் பயிராவதால் கிலோ கணக்கில் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அதில் காசினி என்ற களைவிதை கலந்து வருவதுண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 50 முதல் 100 கிராம் கல்லுப்புக் கரைத்து விதையைக் கொட்டிக் கிளறுங்கள். மிதப்பதை வழித்து எறிந்துவிட்டு, மூழ்கியதை உடனே மூன்று தண்ணீரில் அலசுங்கள். அலசாமல் விட்டால் உப்பே விதையைக் கொல்லும்.

எவ்வளவு வாங்க வேண்டும்? வெள்ளைக் குளோவர் சதுர மீட்டருக்கு 2 கிராம், பெர்சீம் இரண்டரைக் கிராம். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். முதல் வருஷம் ஒரு சென்ட் எல்லாம் வேண்டாம். இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் பாத்தி, அதற்கு 10 கிராம் விதை. பாதி விதைக்க, பாதி மழை அடித்துப்போனால் மறுபடி விதைக்க.

5. மண்ணைத் தயார் செய்தல்

பி.எச். 6க்குக் கீழே இருந்தால், செம்மண்ணில் சதுர மீட்டருக்கு 200 கிராம் சுண்ணாம்புக்கல் பொடி அல்லது டோலமைட் போடுங்கள். மணலில் பாதி போதும். நீற்றிய சுண்ணாம்பு என்றால் 150 கிராமுக்கு மேல் வேண்டாம், அது வீரியம் கூடியது. பொடியைத் தூவி அப்படியே விடக்கூடாது. ஐப்பசி மழை ஒரே இரவில் சானலுக்குக் கொண்டுபோய்விடும். தூவிய கையோடு 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடுங்கள்.

சுண்ணாம்பையும் சாணி எருவையும் ஒரே நாளில் போடாதீர்கள். எருவில் உள்ள தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் அதுதான் நடக்கிறது என்று பொருள். சுண்ணாம்புக்கு மூன்று வாரம் கழித்து, விதைப்பதற்கு முன், சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ மட்கிய எருவும் ஒரு கைப்பிடி எலும்புத்தூளும் போதும். யூரியா கூடவே கூடாது. தழைச்சத்து மண்ணில் தாராளமாக இருந்தால் செடி வேர்முடிச்சு போடாது. களைதான் கொழுக்கும்.

பாத்தியைத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் ஒரு நாள் தேங்கினாலே நாற்று போய்விடும்.

தட்டில் வளர்ப்பவர்களுக்குக் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, எரு ஒரு பங்கு. கதம்பையிலிருந்து புதிதாக உதிர்ந்த நார்த்தூளை அப்படியே போட்டால் அதில் இருக்கும் உப்பும் துவர்ப்பும் நாற்றைக் கருக்கும். மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். தட்டுக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். மாடியில் வைப்பதானால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: நனைந்த நிலையில் ஒரு சதுர மீட்டர் தட்டு 200 கிலோவைத் தொடும். அதோடு மதியம் கொதிக்கும் கான்கிரீட் தரை குளோவருக்கு எமன். கிழக்குப் பார்த்த தாழ்வாரத்து ஓரம்தான் சரியான இடம். காலை வெயில் நாலு மணி நேரம், பிற்பகல் நிழல்.

6. ரைசோபியம்: இதை விட்டால் பாதி பலன் போச்சு

காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவது குளோவர் இல்லை. அதன் வேர்முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியாதான் அந்த வேலையைச் செய்கிறது. குளோவருக்கான ரைசோபியம் தனி வகை. குளோவரே விளையாத நம் மண்ணில் அது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வேளாண் துறையில் கிடைக்கும் "பயறு", "நிலக்கடலை" ரைசோபியம் பொட்டலங்கள் நல்லவைதான், உளுந்துக்கும் கடலைக்கும். குளோவர் வேரில் அவை ஒட்டாது. "ரைசோபியம் போட்டேன், முடிச்சே வரலையே" என்று கேட்பவர்கள் எல்லோரும் போட்டது இதைத்தான்.

விதை வாங்கும்போதே பெர்சீமுக்கான ரைசோபியமும் சேர்த்துக் கேளுங்கள். அது குளோவர் கூட்டத்துக்கு உரியது. காலாவதி நாளைப் பாருங்கள். பொட்டலத்தை வெயில் படாமல் வையுங்கள்.

10 கிராம் விதைக்கு: 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் கருப்பட்டியைக் காய்ச்சி, வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். அதில் அரைத் தேக்கரண்டி எடுத்து விதையில் பிசறி, ஒரு தேக்கரண்டி ரைசோபியத்தைத் தூவிப் புரட்டுங்கள். விதை தனித்தனியாக, கறுப்புப் பொடி பூசினாற்போல் இருக்க வேண்டும். கட்டியாகிவிட்டால் பாகு அதிகம். நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி அன்று மாலையே விதைத்துவிடுங்கள். பூஞ்சணக்கொல்லி பூசிய விதையில் இதைச் செய்து பயனில்லை.

ரைசோபியம் கிடைக்கவே இல்லையா? விதைக்கலாம், செடி வரும். ஆனால் மண்ணுக்குத் தழைச்சத்துச் சேரும் என்ற கணக்கை மட்டும் அழித்துவிடுங்கள்.

7. விதைப்பு

நாள்: கார்த்திகைப் பாதிக்குப் பிறகு, அதாவது டிசம்பர் முதல் இரண்டு வாரம். தட்டு என்றால் நவம்பர் கடைசியிலேயே கூரைக்கடியில் தொடங்கலாம். பொங்கலுக்குப் பிறகு விதைத்தால் முதல் அறுப்புக்கே மாசி வெயில் வந்துவிடும்.

பாத்தியை முந்தின நாள் நனைத்து வையுங்கள். நாலைந்து கிராம் விதையை ஒரு சிரட்டை உலர்ந்த மணலில் கலந்து, பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்காகவும் தூவுங்கள். வெறும் விதையைக் கையால் தூவினால் ஒரு மூலையில் குவிந்துவிடும், கடுகைவிடச் சின்னது. மேலே அரை சென்டிமீட்டருக்கு மேல் மண் போடாதீர்கள். ஒரு பலகையை வைத்து லேசாக அழுத்தினால் போதும். ஈரச்சாக்கால் மூடுங்கள். எறும்பு விதையைக் கடத்துவதும் இதனால் குறையும்.

நாலாம் நாளிலிருந்து தினமும் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். அதன் பிறகு மீன்பிடி வலைத்துண்டு எதையாவது குச்சி நட்டு மேலே விரியுங்கள். வீட்டுக் கோழி ஐந்து நிமிடத்தில் மொத்தப் பாத்தியையும் கிளறிவிடும்.

முதல் இலை ஒற்றை இலையாகத்தான் வரும். அடுத்ததிலிருந்துதான் மூவிலை. களை என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

8. பராமரிப்பும் வரக்கூடிய கோளாறுகளும்

தண்ணீர் காலையில் மட்டும். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க ஈரம் நின்று பூஞ்சணம் வரும். பூவாளியில் ஊற்றுங்கள், குழாயால் அடித்தால் நாற்று சாய்ந்துவிடும்.

ஐந்தாறு வாரத்தில் ஒரு செடியைப் பிடுங்காமல், மண்ணோடு தோண்டி எடுத்துத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரின் பக்கத்தில் ஒட்டவைத்தாற்போல் சின்ன முடிச்சுகள், நகத்தால் தொட்டால் கழன்று வருபவை, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு என்று இருந்தால் ரைசோபியம் வேலை செய்கிறது. முடிச்சு வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது சும்மா இருக்கிறது. முடிச்சு கழலாமல் வேரே புடைத்து வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. இரண்டையும் குழப்பிக்கொண்டு நூற்புழுவைப் பார்த்துச் சந்தோஷப்படுபவர்கள் உண்டு. முன்பு தக்காளியோ கத்திரியோ வேர் வீங்கிச் செத்த பாத்தி என்றால் அங்கே குளோவர் போடாதீர்கள், புழு பெருகும்.

அடியிலை மஞ்சளானால் மூன்று காரணம்: தண்ணீர் தேக்கம், புளித்த மண், முடிச்சு இல்லாமை. இந்த வரிசையில் பாருங்கள். முதலாவது கண்ணுக்கே தெரியும்.

மண்ணை ஒட்டித் தண்டு அழுகி, வெள்ளை நூல் படர்ந்து, கடுகு போன்ற உருண்டைகள் தெரிந்தால் அது தண்டழுகல் பூஞ்சணம். சூடும் ஈரமும் சேர்ந்த நம் ஊருக்கே உரிய வியாதி. அந்த இடத்து மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு அள்ளி வெளியே புதையுங்கள். எருக்குழியில் போட்டால் அந்த உருண்டைகள் அடுத்த வருஷம் எல்லாப் பாத்திக்கும் போகும். விதைப்புக்கு முன்பே டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தை எருவில் கலந்து பத்து நாள் ஈரமாக மூடிவைத்துப் போடுவது இதற்கு நல்ல காப்பு.

நேற்று இருந்த நாற்று இன்று இல்லையென்றால் நத்தை. ஆப்பிரிக்கப் பெருநத்தை புகுந்த ஊர்களில் ஒரே இரவில் பாத்தி மொட்டையாகும். பப்பாளி இலையை ஈரச்சாக்குக்கு அடியில் வைத்தால் இரவில் அங்கே கூடும். விடியுமுன் பொறுக்கி உப்புத்தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணி அதில் இருக்கக்கூடும். பாத்தியில் உப்பைத் தூவுவது நத்தையோடு குளோவரையும் கொன்றுவிடும்.

பெர்சீம் பாத்தியில் இலையே இல்லாத மஞ்சள் நூல் சுற்றிப் படர்ந்தால் அது அம்மையார் கூந்தல். விதையோடு வந்தது. சுற்றியிருக்கும் செடியோடு சேர்த்துப் பிடுங்கி எரியுங்கள். நூலை மட்டும் அறுத்தால் விட்டுப்போன துண்டு மறுபடி படரும்.

9. அறுப்பு, அதன் பிறகு

வெள்ளைக் குளோவர் ஒரு சாண் உயரம் வந்தால் பாதிக்கு வெட்டுங்கள். பெர்சீம் முதல் அறுப்பு 50 முதல் 55 நாளில், அடுத்தது 25 முதல் 30 நாளில். அடியில் நாலு விரல்கட்டை விட வேண்டும். இங்கே இரண்டு அறுப்பு கிடைத்தால் லாபம், மூன்று கிடைத்தால் அந்த வருஷம் குளிர் கூடுதல்.

ஆட்டுக்கோ மாட்டுக்கோ பனியீரத்தோடு வயிறாரக் கொடுத்துவிடாதீர்கள். வயிறு உப்பிச் சாகும் அளவுக்குப் போகும். வெயிலில் வாடவிட்டு, வைக்கோலோ புல்லோ தின்ற பிறகு கொஞ்சமாகக் கொடுங்கள்.

மார்ச்சில் செடி சோரத் தொடங்கினால் காப்பாற்றப் போராட வேண்டாம். உயிரோடு நிற்கும் குளோவர் பக்கத்துச் செடிக்குப் பெரிதாக எதையும் கொடுப்பதில்லை. வெட்டி மண்ணில் மட்கிய பிறகுதான் தழைச்சத்து வெளியே வரும். கொத்திப் புரட்டி இரண்டு வாரம் கழித்து வெண்டையோ கீரையோ போடுங்கள்.

10. ஆண்டு முழுவதும் பச்சை வேண்டும் என்றால்

நம் தட்பவெப்பத்தில் குளோவர் தரைக்கு மாற்று என்று தைரியமாகச் சொல்லக்கூடியது பிண்டோ கடலை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த, நிலக்கடலையின் உறவுக்காரச் செடி. நர்சரிகளில் மஞ்சள் பூப் பூக்கும் "தரைக்கடலை", "புல்கடலை" என்று கேட்டால் காட்டுவார்கள். புளித்த மண்ணைத் தாங்கும், தென்னை நிழலைத் தாங்கும், மரத்தில் ஏறாது. இலை நாலு சிற்றிலையாக இருக்கும், ஆக நாலிலை ஆசையும் தீர்ந்தது.

விதைக்கு அலைய வேண்டாம், தண்டு போதும். ஒரு சாண் நீளம், மூன்று நாலு கணு; இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும். இடைவெளி 30 சென்டிமீட்டர். மேற்கு வட்டங்களில் ஜூன் மழையோடு நடலாம், தோவாளை, அகஸ்தீஸ்வரத்தில் அக்டோபர். முதல் மூன்று மாதம் மந்தமாகத்தான் போகும். அந்த மூன்று மாதமும் களையெடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டுச் "செடி சரியில்லை" என்பார்கள். இதற்கு நிலக்கடலை ரைசோபியம் போடலாம்.

செலவு கணக்கு: ஒரு சென்டுக்கு ஏறத்தாழ 450 குழி. நர்சரிப் பை ஒன்று 20 ரூபாய் என்று வைத்தால் 9,000 ரூபாய். அப்படிச் செய்யாதீர்கள். 25 பை, 500 ரூபாய்க்கு வாங்கி ஒரு ஓரத்தில் நடுங்கள். மூன்று மாதத்தில் பைக்கு ஐந்தாறு தண்டு வெட்டலாம். வெட்டி நட்டு, அதிலிருந்து மறுபடி வெட்டினால் ஏழெட்டு மாதத்தில் சென்ட் நிரம்பும்.

ஒரு எச்சரிக்கை. இது மண்ணுக்குள் காய் வைக்கும். ஒருமுறை பிடித்த இடத்தில் முழுவதும் ஒழிப்பது கஷ்டம். மரச்சீனியோ சேனையோ தோண்டி எடுக்கும் இடத்தில் வேண்டாம். வீட்டுச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் வெற்றுத்தரையாகவோ சல்லி போட்டோ விடுங்கள். அடர்ந்த தரைமூடிக்குள் பாம்பு கிடந்தால் தெரியாது.

மிதிபடும் முற்றத்துக்கு இன்னொன்று இருக்கிறது: சிறுபுள்ளடி. சாலையோரப் புல்லில் குட்டிக் குளோவர் மாதிரி ஒட்டிக் கிடக்கும், ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. காசு கிடையாது. மழைக்காலத்தில் மண்ணோடு கையகலத்துக்குப் பெயர்த்து ஒரு அடிக்கு ஒன்றாகப் பதித்தால் போதும். காய்த்த பருவத்தில் வேட்டியிலும் புடவையிலும் ஒட்டும், அதற்குமுன் ஒருதரம் ஒட்ட வெட்டிவிடுங்கள்.

ரப்பர் தோட்டங்களில் தரை மூடப் போடும் பியூரேரியா, மியூகுனா கொடிகளை யாராவது இலவசமாகத் தந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ரப்பருக்கு அது சரி. ஐந்து சென்ட் வீட்டில் முருங்கை, கறிவேப்பிலை, கிணற்றுச்சுவர் என்று எல்லாவற்றையும் மூடிவிடும்.

மண்ணை வளப்படுத்துவது மட்டுமே நோக்கம் என்றால் தட்டைப்பயறு சென்டுக்கு 100 கிராம், சணப்பு 100 முதல் 140 கிராம், தண்ணீர் தேங்கும் தாழ்ந்த இடத்தில் தக்கைப்பூண்டு 200 கிராம் விதைத்து, பூக்கத் தொடங்கும் 45ஆம் நாளை ஒட்டி மடக்கி உழுதுவிடுங்கள். தட்டைப்பயறுக்கு மட்டும் ஒரு சங்கடம்: பிஞ்சு வந்த பிறகு மடக்க மனசு வராது. பாதியைத் தோரனுக்கு விட்டுவிட்டு மீதியை வெட்டிக்கொள்ளுங்கள்.